டோக்கியோ ஸோபா கடையில் என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது?

கோவைப்_பயணி

நவம்பர் நடுவில் டோக்கியோ போகிறோம். காண்டா என்கிற பகுதியில் பழைய ஸோபா நூடுல்ஸ் கடை ஒன்றில் ஒரு மதியம் சாப்பிடத் திட்டம். இரண்டு பேர். ஒருவர் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மெனுவில் மோரி, ஸாரு, ஸெய்ரோ என்று மூன்று பெயர் இருக்கிறது, படத்தில் மூன்றும் ஒன்று போலவே தெரிகிறது. எதைக் கேட்பது? அந்தக் கறுப்புச் சாறை மேலே ஊற்றுவதா, தோய்ப்பதா? கடைசியில் ஏதோ வெந்நீர் கொண்டுவந்து வைப்பார்களாமே, அது எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிச்சிஜோஜி_தமிழன்

நல்ல மாதமாகப் பார்த்துத்தான் போறீங்க. இலையுதிர் காலத்தில் அறுத்த புது பக்வீட் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும்தான் கடைகளுக்கு வந்து சேரும். வாசலில் 'ஷின் ஸோபா' என்று தாள் ஒட்டியிருந்தால் புது அறுவடை மாவு. வாசனையும் இளம்பச்சைச் சாயலும் அப்போதுதான் தூக்கலாக இருக்கும். பக்வீட் என்றால் புரியாதவர்களுக்கு: வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குச் சாப்பிடுகிற குட்டு மாவு.

நீங்க கேட்ட மூன்றுமே குளிர்ந்த ஸோபாதான். மோரி வெறும் நூடுல்ஸ். ஸாரு என்றால் பொதுவாக மேலே பொடியாக நறுக்கிய நோரி கடற்பாசி தூவியிருக்கும், விலையும் கொஞ்சம் கூடும். ஸெய்ரோ என்பது அடியில் மூங்கில் பாய் விரித்த மரச் சட்டம். முன்காலத்தில் ஸோபாவை ஆவியில் வேகவைத்த பெட்டியின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. கடைக்குக் கடை பெயர் மாறும். புது மாவு மாதத்தில் ஸாரு கேட்க வேண்டாம், நோரி வாசனை மாவின் வாசனையை அமுக்கிவிடும்.

காண்டாவில் இரண்டு கடை. காண்டா யாபு ஸோபா 1880இல் தொடங்கியது. 2013 பிப்ரவரியில் தீப்பிடித்து, புதிதாகக் கட்டி 2014 அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். காண்டா மாட்ஸுயா 1884இல் தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் 1925இல் கட்டியது. இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான். யாபுவில் நூடுல்ஸ் இளம்பச்சையாக, மெல்லிசாக இருக்கும், சாறு உப்புத் தூக்கலாக, அழுத்தமாக இருக்கும். அங்கே கல்லாவில் இருக்கிற அம்மா ஆர்டரை ராகம் போட்டு அடுப்படிக்குச் சொல்வார், அதைக் கேட்பதற்கே போகலாம். மாட்ஸுயாவில் சாறு கொஞ்சம் சாந்தம், கடையும் நெருக்கமாக, பேச்சுச் சத்தமாக இருக்கும். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பது அங்கே சகஜம்.

தட்டில் வருவது: நூடுல்ஸ், சாறு இருக்கிற சின்னக் குடுவை, 'சோக்கோ' என்கிற வெறும் கிண்ணம், தனியாக வசாபியும் நெகி என்கிற ஜப்பான் வெங்காயத்தாளும். ஊற்றக்கூடாது, தோய்ப்பதுதான். முதலில் இரண்டு இழையைச் சாறே இல்லாமல் மென்று பாருங்க. பிறகு கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் சாறு ஊற்றிக்கோங்க. நூடுல்ஸில் ஒட்டியிருக்கிற தண்ணீர் இறங்கி இறங்கிச் சாறு நீர்த்துப்போகும், அப்போது குடுவையிலிருந்து கொஞ்சம் சேர்க்கலாம். எடுத்ததும் முழுசாக ஊற்றிவிட்டால் அதற்கு வழியில்லை.

ஒரு தடவைக்கு ஆறேழு இழை, குவியலின் உச்சியிலிருந்து எடுங்க. ஓரத்தில் பிடித்து இழுத்தால் கொத்தாக வரும், கிண்ணத்துக்குள் அடங்காது. கீழ்ப்பாதி நனைந்தால் போதும். அப்புறம் சத்தம் போட்டு உறிஞ்சுங்க. காற்றோடு சேர்த்து உள்ளே இழுக்கும்போதுதான் பக்வீட் வாசனை மூக்குக்கு ஏறும். கடித்துத் துண்டு துண்டாகக் கிண்ணத்தில் விடாதீங்க.

பச்சைமிளகாய்

பாதி நனைத்தால் போதும் என்பதை எல்லாக் கடைக்கும் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நனைக்கிற அளவைத் தீர்மானிப்பது அந்தச் சாறின் கெட்டித்தன்மை. யாபு பாணியில் மூன்றில் ஒரு பங்கு நனைத்தாலே உப்பு சரியாக இருக்கும். வெளியூர்க் கடைகளில் சாறு இளசாக இருக்கும், அங்கே முழுசாக முக்கினாலும் தப்பில்லை. முதலில் சாறை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் சரி.

சாறு எப்படி ஆகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். ட்ஸுயு என்பது இரண்டு பொருளின் கலவை. ஒன்று கயேஷி: சோயா சாஸ், மிரின் என்கிற இனிப்பு அரிசி மது, சர்க்கரை. வீட்டு அளவில் 1 லிட்டர் சோயா சாஸுக்கு 200 மி.லி. மிரின், 180 கிராம் சர்க்கரை வைத்தால் சரியாக வரும். மிரினைக் கொதிக்கவிட்டு ஆல்கஹாலைப் போக்கி, சர்க்கரையைக் கரைத்து, சோயா சாஸ் சேர்த்துச் சூடேற்ற வேண்டும். மேலே வெள்ளை நுரை ஏடாகப் படர ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விட்டால் வாசனை போய்விடும். ஆறியபின் ஒரு வாரமாவது வைத்தால்தான் சோயாவின் முரட்டு உப்பு அடங்கும்.

இன்னொன்று தாஷி. டோக்கியோ ஸோபா கடைகள் இதற்குக் கட்ஸுவோபுஷி என்கிற காய்ந்த போனிட்டோ மீனைத் தடிமனாகச் சீவி, அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைப்பார்கள். வீட்டில் சூப்புக்கு மெல்லிசாகச் சீவி ஒரு நிமிடத்தில் வடிப்பது வேறு வேலை. அந்த மெல்லிய தாஷி கயேஷிக்கு முன்னால் காணாமல் போய்விடும். தோய்க்கிற சாறுக்கு 1 பங்கு கயேஷிக்கு 3 பங்கு தாஷி. சூடான கிண்ண ஸோபாவுக்கு 1க்கு 8 முதல் 10 வரை. ஒரே கயேஷிதான், நீர்ப்பது மட்டும் மாறும்.

வசாபியைச் சாறில் கரைக்காதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். கரைத்தால் காரம் சோயாவில் செத்துப்போகும், கிண்ணம் முழுக்க ஒரே சுவையாகிவிடும். அரிசி மணி அளவு எடுத்து நூடுல்ஸ் மேலே வைத்து, அந்த இடம் நனையாமல் தோய்த்துச் சாப்பிடுங்கள். வெங்காயத்தாளைப் பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு போடுங்கள். முதலிலேயே போட்டால் கடைசி வரை வெங்காய வாசனைதான்.

கோவைப்_பயணி

நன்றி. ஆனால் சாறில் மீன் என்றால் சைவருக்கு என்ன வழி? காய்கறி டெம்புரா ஸோபா என்று ஒன்று இருக்கிறதே?

சைவத்தட்டு

காய்கறி டெம்புரா ஸோபாவை நம்பிப் போகாதீர்கள். மேலே மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி, கீழே மீன் தாஷி. டெம்புரா மாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும், எண்ணெயும் இறால் பொரித்த அதே எண்ணெய். ஜப்பானில் 'இறைச்சி இல்லை' என்று சொன்னால் தாஷியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதனால் 'வெஜிடேரியன்' என்று பொதுவாகச் சொல்லாமல், கட்ஸுவோபுஷி, மீன் தாஷி, முட்டை மூன்றும் கூடாது என்று பெயர் சொல்லி ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையைக் காட்டுங்கள்.

சைவர் சாப்பிடக்கூடியது நிஜமாகவே இருக்கிறது. மோரி கேட்டு, ட்ஸுயுவுக்குப் பதில் உப்பு கொடுங்கள் என்று சொல்லுங்கள். உப்புக்கு 'ஷியோ', வெறும் சோயா சாஸுக்கு 'ஷோயு'. இது கடைக்காரருக்கு விசித்திரமான வேண்டுகோள் இல்லை. மாவின் வாசனையை அறிய உப்பு மட்டும் தொட்டுச் சாப்பிடச் சொல்லும் கடைகளே உண்டு. இரண்டு சொட்டு சோயா சாஸ், துருவிய முள்ளங்கி, வசாபி, நெகி சேர்த்தால் முழுச் சாப்பாடு. சோயா சாஸை 'தாஷி ஜோயு' இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அதில் மீன் சாறு கலந்திருக்கும்.

அடுத்தது ஸோபாகாகி. பக்வீட் மாவை வெந்நீர் விட்டுக் கிளறிய களி, வெந்நீரில் மிதக்கவிட்டுத் தருவார்கள். கனமாக இருக்காது, அடித்துக் கிளறுவதால் பஞ்சாக இருக்கும். தொட்டுக்கொள்ள ட்ஸுயு வந்தால் தள்ளி வைத்துவிட்டு சோயா சாஸ் கேளுங்கள். சுட்ட நோரியும் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஏமாற்றும் பதார்த்தங்கள்: கிட்ஸுனே ஸோபாவின் இனிப்பு டோஃபு, தாஷியில் வெந்தது. குளிர்ந்த டோஃபு மேலே கட்ஸுவோபுஷி சீவல் தூவி வரும். ஊறுகாய் மேலும் சில கடைகளில் தூவுவார்கள். யாகிமிஸோ என்கிற சுட்ட மிஸோ (புளித்த சோயா) விழுதில் தாஷி சேர்ந்திருக்கலாம், கேட்காமல் தொட வேண்டாம். நூடுல்ஸ் மாவில் பொதுவாகப் பக்வீட், கோதுமை, தண்ணீர் மட்டும்தான். முட்டை சேர்த்துப் பிசையும் கடையும் இருப்பதால் 'தமாகோ' என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். மதியம் 12 முதல் 1 வரை கூட்டம் நெரியும்போது பேசினால் அவர்களால் நின்று பதில் சொல்ல முடியாது. கடை திறந்தவுடன் அல்லது 2 மணிக்கு மேல் போவது நல்லது.

வன்னிக்காத்து

ஒண்டு கட்டாயம் சொல்ல வேணும். ஸோபாவுக்கு ஒவ்வாமை இருக்கிற ஆக்களுக்கு அது சின்ன விசயம் இல்லை, மூச்சே நிண்டுபோகலாம். ஜப்பானில பொட்டல உணவுக்குக் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில ஸோபாவும் ஒண்டு. ஆனால் சாப்பாட்டுக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உடோன் எண்ட கோதுமை நூடுல்ஸ் வாங்கினால் பிரச்சினை இல்லை எண்டு நினைக்கக் கூடாது. கனக்கக் கடைகளில உடோனையும் ஸோபாவையும் ஒரே பானைத் தண்ணீரிலதான் அவிக்கிறவை. மாவு பிசையிற இடத்தில காத்திலயும் மாவு பறக்கும். பழைய விடுதியில தங்கினால் தலையணையையும் கேளுங்கோ, பக்வீட் உமி அடைச்ச தலையணை அங்க வழக்கத்தில இருக்கு.

கோதுமை ஒத்துக்கொள்ளாத ஆக்களும் கவனம். ஜூவாரி எண்டால் 100 சதவீதம் பக்வீட்தான், ஆனால் சாதாரண சோயா சாஸில கோதுமை இருக்கு, அவிக்கிற தண்ணியும் கோதுமை கலந்த நூடுல்ஸோட பொதுவாக இருக்கும். சீலியாக் எண்ட குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய் உள்ள ஆக்கள் ஜூவாரி எண்ட பேரை மட்டும் பாத்து உள்ளுக்குப் போக வேண்டாம்.

கோவைப்_பயணி

எங்களுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை, தகவலுக்கு நன்றி. ஜூவாரிதான் உயர்ந்தது, அதையே தேடிப் போங்கள் என்று ஒருவர் சொன்னார். சரியா?

மாவுக்கல்

சரி என்று சொல்ல மாட்டேன். பக்வீட்டில் குளூட்டன் கிடையாது, அதனால் மாவைப் பிடித்து வைப்பது தண்ணீரும் கைப்பக்குவமும்தான். 8 பங்கு பக்வீட், 2 பங்கு கோதுமை சேர்த்தால் நிஹாச்சி. எடோ காலம் (டோக்கியோவின் பழைய பெயர் எடோ) தொட்டு டோக்கியோவின் பெரும்பாலான நல்ல கடைகள் இந்தப் பக்கம்தான். காரணம் சிக்கனம் மட்டுமில்லை. அந்த 2 பங்கு கோதுமைதான் இழையை மெல்லிசாகவும் நீளமாகவும் தொண்டையில் வழுக்கி இறங்குகிற மாதிரியும் ஆக்குகிறது. ஸோபாவில் பாதிச் சுவை அந்த இறக்கத்தில் இருக்கிறது. ஜூவாரியில் வாசனை கூடும், ஆனால் இழை சொரசொரப்பாக, கொஞ்சம் தடிமனாக இருக்கும். மாவு பழசானாலோ தண்ணீர் தப்பினாலோ தட்டில் இரண்டு அங்குலத் துண்டுகளாகக் கிடக்கும். நல்ல கையில் நிஹாச்சி, சுமாரான கையில் செய்த ஜூவாரியைவிட எவ்வளவோ மேல்.

வேலையில் எங்கே தவறுகிறது என்று பார்த்தால் முதல் 3 நிமிடத்தில்தான். 'மிஸுமவாஷி' என்பது மாவில் தண்ணீர் சுழற்றுவது. தண்ணீர் மாவின் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம், ஈரப்பதமான நாளில் அதைவிடக் குறைவு. இரண்டு மூன்று தடவையாக ஊற்றி, விரல்நுனியால் மட்டும் சுழற்ற வேண்டும். முதலில் ரொட்டித்தூள் போல, அப்புறம் சுண்டல் அளவு உருண்டைகளாகத் தானே திரளும். எங்காவது காய்ந்த மாவு மிஞ்சினால், பின்னால் எவ்வளவு பிசைந்தாலும் அந்த இடத்தில் இழை அறுந்தே தீரும். பிறகு சுமார் 1.5 மி.மீ. தடிமனுக்குத் தேய்ப்பு, வெட்டு. எடோ அளவு, 1 சுன் அகலத்தில், அதாவது 3.03 செ.மீ.யில், 23 இழை. ஓர் இழை 1.3 மி.மீ. வருகிறது. அகலம் ஒரே சீராக இல்லாவிட்டால் மெல்லியது குழையும்போது தடித்தது வேகாமல் நிற்கும்.

வேகவைப்பது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உப்பு போடாத, நிறைய கொதிநீர். உடனே குளிர்ந்த நீரில் மேலே இருக்கும் பிசுபிசுப்பைக் கழுவி, பனிக்கட்டி நீரில் ஒரு முக்கு. தட்டு வந்து 5 நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருந்தால் மேல்பரப்பு காய்ந்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். கட்டியாகிவிட்டால் சாறைச் சொட்டாமல், குடிக்கிற தண்ணீரில் ஒரு ஸ்பூன் தெளித்துக் கிளறினால் பிரியும்.

இன்னொரு வகையும் கேட்டுப் பாருங்கள்: ஸராஷினா. மணியின் நடுப்பகுதி மட்டும் எடுத்த வெள்ளை மாவு, வாசனை மிதம், லேசான இனிப்பு. அஸபு ஜூபானில் இருக்கும் ஸராஷினா ஹோரீ இந்த வகைக்குப் பேர்போனது, அதன் மரபு 1789இல் தொடங்குகிறது. இந்த மாவு குளிர்ந்த நீரில் சேராது, வெந்நீரில் பிசைய வேண்டும். யாபுவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நிறத்திலேயே தெரியும்.

பச்சைமிளகாய்

மாவுக்கல் சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. புது மாவு மாதத்தில், அரவைக்கல் கடைக்குள்ளேயே இருந்து அன்றன்றைக்கு அரைக்கிற இடத்தில், ஜூவாரியை ஒதுக்குவது அநியாயம். அந்த ஒரு மாதம் வாசனைதான் முதல். இரண்டும் இருந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொன்று வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாவுக்கல்

அதுக்குச் சம்மதம்.

கிச்சிஜோஜி_தமிழன்

வெந்நீர் பற்றிக் கேட்டீங்க, விட்டுப்போச்சு. அது ஸோபாயு, நூடுல்ஸ் வெந்த தண்ணீர். 'யுதோ' என்கிற அரக்குப் பூசின சின்னப் பாத்திரத்தில் வரும், பல கடைகளில் சதுரமாக, மூக்கு ஒரு மூலையில் இருக்கும். நூடுல்ஸ் முடிந்ததும் கிண்ணத்தில் மிஞ்சிய சாறில் இதை ஊற்றிச் சூடாகக் குடிப்பது. சாறு 1 பங்குக்கு ஸோபாயு 2 பங்கில் தொடங்கி நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கோங்க. ஊற்றுமுன் பாத்திரத்தை லேசாக ஆட்டணும், மாவு அடியில் தங்கியிருக்கும். கடை திறந்த உடனே போனால் தண்ணீர் தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் பால் மாதிரி கெட்டியாகும். சில கடைகள் மாவு கரைத்தே கெட்டியாகத் தருவார்கள். சாறில் வசாபியைக் கரைத்திருந்தீங்கன்னா இந்த இடத்தில்தான் வருத்தப்படுவீங்க. சைவர் இதைச் சாறு இல்லாமல், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடிக்கலாம். தானாக வராவிட்டால் 'ஸோபாயு குதாஸாய்' என்றால் போதும்.

ஸாகே என்கிற அரிசி மது குடிக்கிறவர்களுக்கு ஸோபாவுக்கு முன்னால் ஒரு தனிக் கட்டம் உண்டு, 'ஸோபாமாயே'. கமபோகோ மீன்கட்டியை வசாபியோடு தரும் இத்தவாஸா, தாஷி சேர்த்த முட்டைச் சுருள், மரப்பெட்டியில் அடியில் சிறு கரித்துண்டு வைத்து மொறுமொறுப்பு மாறாமல் வரும் நோரி. டெம்புரா ஸோபாவில் நூடுல்ஸை எடுத்துவிட்டுத் தருவது 'நுகி'. இந்தக் கட்டத்துக்கு 2 மணியிலிருந்து 4 மணி வரைதான் பொருத்தம், மதிய நெரிசலில் உட்கார்ந்து குடிப்பது கடைக்கும் கஷ்டம். பல கடைகள் அந்த நேரத்தில் மூடியும் இருக்கும், முன்னாலேயே நேரம் பார்த்துக்கோங்க.

பச்சைமிளகாய்

குளிராக இருந்தால் சூடான வகையும் ஒன்று சேருங்கள். அசைவருக்கு நவம்பரில் என் தேர்வு கமோ நன்பான்: வாத்து இறைச்சி, சுட்ட நெகித் தண்டு. வாத்துக் கொழுப்பு சாறின் மேலே மிதந்து சூட்டைப் பிடித்து வைக்கும், அதனால் கடைசி வரை ஆறாது. சூடான ஸோபாவுக்கு வசாபி இல்லை, ஷிச்சிமி மிளகாய்ப் பொடி. இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அதில் ஹெம்ப் விதை, ஆரஞ்சுத் தோல், கடற்பாசி எல்லாம் இருப்பதால் அதிகம் போட்டால் சாறு மருந்து வாசனை அடிக்கும். சூட்டில் நூடுல்ஸ் நிமிடத்துக்கு நிமிடம் ஊறும், பேசிக்கொண்டே சாப்பிட ஏற்றது இல்லை.

டெம்புராவோடு குளிர்ந்த ஸோபா வாங்கினால், டெம்புராவை உப்போடு சாப்பிடுங்கள். ட்ஸுயுவில் முக்கினால் எண்ணெய் படர்ந்து அடுத்த இழையெல்லாம் எண்ணெய்ச் சுவையாகிவிடும்.

சைவத்தட்டு

வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இஸுமோவில் வரிகோ ஸோபா என்று வட்ட அரக்குப் பெட்டிகளை அடுக்கித் தருவார்கள், அங்கே சாறை மேலே ஊற்றுவதுதான் முறை. உமியோடு அரைத்த கரு மாவு. முதல் பெட்டியில் மிஞ்சிய சாறை அடுத்த பெட்டியில் கவிழ்க்க வேண்டும். நைகாத்தாவில் ஹெகி ஸோபா, ஃபுனோரி என்கிற கடற்பாசியைப் பசையாகச் சேர்ப்பதால் வழவழப்பும் இழுவையும் கூடுதல், சிறு சுருளாகச் சுருட்டி வைப்பார்கள். மொரியோக்காவின் வாங்கோ ஸோபாவில் ஒவ்வொரு வாயளவும் தீரத் தீரப் பரிமாறுபவர் போட்டுக்கொண்டே இருப்பார், கிண்ணத்தை மூடியால் மூடினால்தான் நிற்கும்.

கோவைப்_பயணி

கடைசியாக இரண்டு. ஒரு தட்டு ஒருவருக்குப் போதுமா? பணம் எப்படி?

கிச்சிஜோஜி_தமிழன்

பழைய டோக்கியோ கடைகளில் தட்டு சின்னது, நன்றாகப் பசித்தவருக்குப் போதாது. ஒரு மோரி சுமார் 1,000 யென் என்று வைத்துக்கோங்க. நின்றுகொண்டே சாப்பிடுகிற ரயில் நிலையக் கடையில் ஏறக்குறைய அதில் பாதி, ஆனால் அங்கே கோதுமை பங்கு பெரும்பாலும் அதிகம். ரொக்கம் வைத்திருங்க, கார்டு எடுக்காத கடை இன்னும் உண்டு. டிப்ஸ் கிடையாது.

இரண்டு பேருக்கு ஒரு தட்டு என்று கேட்காதீங்க, ஆளுக்கு ஒன்று கேட்பது மரியாதை. பெரிய அளவான 'ஓமோரி' வாங்குவதைவிட இரண்டாவது தட்டு தனியாக வாங்குவது நல்லது, பெரிய குவியலின் அடி நீங்க போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடும். முதல் தட்டு பாதி இருக்கும்போதே 'மோ இச்சிமாய்' (இன்னும் ஒரு தட்டு) என்று சொல்லிடுங்க. முடித்துவிட்டுச் சொன்னால் ஸோபாயு கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.